செண்பகவல்லி பேர்ல ஒரு சந்தா

சந்தா கட்டலாமா, இல்ல மாசாமாசம் கடையிலயே வாங்கிக்கலாமான்னு கேட்டீங்க பாருங்க சார், இந்தக் கேள்வியை இந்த பஸ்ல வேற யார்கிட்ட கேட்டிருந்தாலும் உங்களுக்குத் தப்பான பதில்தான் கிடைச்சிருக்கும். நான் ரெண்டும் பண்ணிப் பாத்தவன். உங்க பொண்ணுக்குப் படம் வரையிற புத்தகம்னு சொன்னீங்க. எனக்கு மீன் புத்தகம். எந்தப் புத்தகமா இருந்தாலும் நியாயம் ஒண்ணுதான். மதுரை வர இன்னும் நேரம் கிடக்கு, பொறுமையா சொல்றேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். கட்டுறதா இருந்தா தாராளமா கட்டுங்க, ஆனா யார் பேர்ல கட்டுறோம்னு நல்லா யோசிச்சுக் கட்டுங்க.

என் பேர் பூமிநாதன். திண்டுக்கல்தான். மின்வாரியத்துல கணக்குப் பிரிவுல இருந்து ரிட்டயரானேன். இந்தப் பட்டுச் சட்டையைப் பாத்து ஏதோ கல்யாணத்துக்குப் போறேன்னு நினைச்சிருப்பீங்க. அதெல்லாம் இல்ல. 'தொட்டியும் மீனும்'னு ஒரு மாசப் பத்திரிகை வருதுல்ல, இதோ கையில வெச்சிருக்கேனே, இதுதான். இவங்களுக்கு இன்னைக்கு மதுரையில வாசகர் விழா. மேடையில ஏத்தி என் சம்சாரத்துக்குப் பொன்னாடை போத்துறாங்க. சிறந்த சந்தாதாரராம். அவ முன் வரிசை. நான் கடைசி வரிசை. அதுக்கும் கூப்பன் வெட்டி எடுத்துட்டுப் போறேன். இப்ப புரியாது உங்களுக்கு, முதல்ல இருந்து சொல்றேன். நான் கோபத்துல பேசலை, நியாயத்தைப் பேசுறேன், அதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க.

எங்க ஊர்ல ஆரோக்கியம்னு ஒருத்தர் மீன் கடை வெச்சிருக்கார். மீன் கடைன்னா குழம்பு மீன் இல்ல, கண்ணாடித் தொட்டி மீன். தொட்டி, வலை, காத்து மோட்டார், கூழாங்கல்லு, எல்லாம் இருக்கும். இந்தப் புத்தகமும் அங்கதான் வரும். மாசத்துல முதல் சனிக்கிழமை கட்டு வந்து இறங்கும். சாயங்காலமே நாங்க போய் ஸ்டூலைப் போட்டு உக்காந்திருவோம். நாங்கன்னா நான், சுருளிவேல், இன்னும் ரெண்டு மூணு பேர். சுருளிவேல் தாலுகா ஆபீஸ்ல இருந்தவன். ஆள் நல்லவன்னு ஊர்ல சொல்வாங்க. சொல்றவங்க யாரும் அவன்கூட மீனைப் பத்திப் பேசிப் பாத்ததில்ல.

டீ வரும். ஆரோக்கியம் கட்டைப் பிரிச்சு ஆளுக்கு ஒண்ணு குடுப்பார். அப்புறம் கடை சாத்துற வரைக்கும் சண்டைதான். ஆஸ்கர் மீனுக்கு மண்புழு போடலாமா கூடாதான்னு நானும் சுருளியும் ஒரு வருஷம் பேசாம இருந்திருக்கோம். பேசாமன்னா வீட்ல உக்காந்துக்கிட்டு இல்ல, அதே கடையில, அதே ஸ்டூல்ல, பக்கத்துல பக்கத்துல உக்காந்து பேசாம இருந்தோம். நான் சொல்றதை ஆரோக்கியம் அவன்கிட்ட சொல்லுவார், அவன் சொல்றதை என்கிட்ட சொல்லுவார். பாவம், அவருக்கு வியாபாரம் பாக்கவே நேரம் இருக்காது.

அப்படி ஒரு மாசம் எனக்குக் காய்ச்சல். ஒரு நாள் தள்ளித்தான் கடைக்குப் போனேன். பாத்தா என் புத்தகம் இல்ல. சுருளியோட மச்சினன் ஊர்ல இருந்து வந்திருக்கானாம், அவனுக்கும் ஒண்ணு வேணும்னு சுருளி வாங்கிட்டுப் போயிட்டானாம். கேட்டா, "படிச்சிட்டுத் தர்றேன் பூமி, எங்க போயிரப் போகுது?"ங்கறான். ஒரு வாரம் கழிச்சுக் குடுத்தான். பின்பக்கத்துல இருக்கிற குறுக்கெழுத்தை முழுசாப் போட்டுட்டுக் குடுத்தான் சார். அதுவும் பேனாவுல. அதுவும் தப்புத் தப்பா. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நான் சந்தா கட்டினேன்.

அந்தப் புத்தகத்துலயே கட்டம் கட்டிப் போட்டிருந்தாங்க, 'சந்தாதாரர்களுக்கு மட்டும்'னு. கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே வீடு தேடி வந்துரும். மாசாமாசம் ஒரு இலவசப் பொருள். கேள்வி பதில்ல சந்தாதாரர் கேள்விக்குத்தான் முதல் இடம். வருஷ விழாவுல முன் வரிசை, கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாம், மதியச் சாப்பாடு உண்டு. கடையில வாங்குறவனுக்கு என்ன? விழா மாசத்துல மூலையில ஒரு கூப்பன் இருக்கும், வெட்டிட்டு வந்தா பின்னாடி உக்காந்துக்கலாம். சாப்பாடு வெளியில பாத்துக்கணும். இப்படி வித்தியாசம் காட்டினா மானமுள்ளவன் எந்தப் பக்கம் நிப்பான்?

நேரா கடைக்குப் போய் எல்லார் முன்னாடியும் சொன்னேன். "ஆரோக்கியம், இனிமே எனக்குப் புத்தகம் எடுத்து வைக்க வேண்டாம். நான் சந்தாதாரர் ஆயிட்டேன்." அவர் "சரிங்க சார்"னு சொன்னதோட சரி, முகம் சுண்டிப் போச்சு. ஒரு புத்தகம் வித்தா இவருக்கு என்ன பெருசாக் கிடைச்சிரும், அதுக்கா இப்படின்னு நினைச்சேன். வியாபாரிங்க புத்தி அப்படித்தான். சுருளிகிட்டயும் சொன்னேன், "விழாவுல முன்னாடி உக்காந்து திரும்பிப் பாக்குறேன், நீ பின்னாடி எங்க இருக்கேன்னு கையைத் தூக்கிக் காட்டு"ன்னு. அவன் சிரிச்சான். வயித்தெரிச்சலை மறைக்கத் தெரிஞ்சவன் அவன்.

இங்கதான் சார் விஷயம். சந்தாவை நான் என் பேர்ல கட்டலை. எங்க வீட்ல எந்த நல்ல காரியமும் என் பேர்ல பண்றதில்ல, ராசி அப்படி. என் பேர்ல எடுத்த ஸ்கூட்டர் வாங்கின மாசமே திருடு போச்சு. செண்பகவல்லி பேர்ல எடுத்தது இன்னைக்கும் ஓடுது. செண்பகவல்லிங்கிறது என் சம்சாரம். மனை அவ பேர்ல, கேஸ் அவ பேர்ல, சீட்டு அவ பேர்ல. அதே பழக்கத்துல கையே தானா 'திருமதி பூ. செண்பகவல்லி'ன்னு எழுதிருச்சு. பேர்தானே அவளோடது, ஆள் நான்தானே? ஊர் உலகத்துல இல்லாததா? எங்க வார்டுக்கு ஒரு கவுன்சிலரம்மா இருக்காங்க, அவங்க முகத்தை நான் பாத்ததே இல்ல. எல்லாத்துக்கும் அவங்க வீட்டுக்காரர்தான் வருவார், அவரைத்தான் கவுன்சிலர்னு கூப்பிடுவோம். அந்த மாதிரின்னு நினைச்சுட்டேன்.

வீட்ல வந்து சொன்னா, "மீனுக்கு எதுக்குங்க புத்தகம்? அதுங்க நல்லாத்தானே இருக்குதுங்க?"ன்னா. அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்னு விட்டுட்டேன்.

புத்தகம் வீடு தேடி வந்துச்சு. இல்லைன்னு சொல்லலை. எப்ப வந்துச்சு? கடைக்கு வந்து ஒரு வாரம் கழிச்சு வந்துச்சு. வழியில எங்க படுத்துத் தூங்குச்சோ. அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு இருக்கே. சனிக்கிழமை ஆனா வீட்ல கால் நிக்குமா? புழு வாங்கப் போற மாதிரி கடைக்குப் போனேன். எல்லாரும் கையில புதுப் புத்தகத்தோட உக்காந்திருக்காங்க. சுருளி கேக்குறான், "என்ன பூமி, உனக்கு முன்னாடியே வந்திருக்குமே?" "முந்தாநாளே வந்திருச்சு"ன்னேன். "அட்டையில என்ன மீன், சொல்லு"ங்கறான், புத்தகத்தை நெஞ்சோட கவுத்துப் பிடிச்சுக்கிட்டு. "ஏன், மீன் மாதிரி மீன்தான்"னேன். அந்த மாசம் பாத்து அட்டையில ஆமையைப் போட்டிருக்கான் சார்.

இலவசப் பொருளும் வந்துச்சு. ஒரு மாசம் தொட்டித் தண்ணி சூடு பாக்குற கருவி. எங்கடான்னு தேடினா, செண்பகம் பாலுக்கு உறை ஊத்த சூடு சரியா இருக்கான்னு சமையக்கட்டுல பாத்துக்கிட்டிருக்கா. கேட்டா, "என் பேருக்குத்தானே வந்துச்சு"ங்கறா. அடுத்த மாசம் கண்ணாடி தேய்க்கிற காந்தம் வந்துச்சு. அது ஜன்னலுக்குப் போயிருச்சு. ஆனா ஒண்ணு, தயிர் மட்டும் அன்னையில இருந்து நல்லா கெட்டியா இருக்கு, அதை நான் மறைக்க மாட்டேன்.

சரி, கேள்வி பதில்லயாவது நம்ம கெத்தைக் காட்டுவோம்னு ஒரு கேள்வி எழுதிப் போட்டேன். எங்க வீட்ல ஒரு ஃப்ளவர்ஹார்ன் இருக்கு, தலையில புடைப்பா மேடு இருக்குமே, அந்த மீன். நான் கிட்டப் போனா மட்டும் கண்ணாடியில வந்து முட்டு முட்டுன்னு முட்டும். என் மேல அவ்வளவு பாசம். இந்தப் பாசத்துக்கு என்ன காரணம்னு கேட்டு எழுதினேன். சந்தாதாரர் பேர்லதானே எழுத முடியும், அவ பேர்லயே எழுதினேன். வந்துச்சு பதில், முதல் பதிலாவே வந்துச்சு. எனக்கு வரி வரியா மனப்பாடம். 'அன்புச் சகோதரி செண்பகவல்லி அவர்களுக்கு, இது பாசம் அல்ல, கோபம். தொட்டியின் அருகில் அடிக்கடி உரத்த குரலில் பேசுபவர் யாரேனும் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? இருந்தால், அவரைச் சற்றுத் தள்ளி அமரச் சொல்லவும்.'

சுருளி இதைக் கடையில எழுந்து நின்னு வாசிச்சான். ஆரோக்கியம் தான் கடை முதலாளிங்கிறதைக்கூட மறந்து ஸ்டூல்ல இருந்து விழுந்து சிரிச்சார். செண்பகம் என்ன பண்ணா தெரியுமா? அந்தப் பதிலை அழகா வெட்டித் தொட்டி மேல ஒட்டிட்டா. என் நாற்காலியை நாலடி பின்னால இழுத்துப் போட்டுட்டா.

அதுல இருந்துதான் அவளுக்கு அந்தப் புத்தகத்து மேல ருசி வந்துச்சு. மதியம் சாப்பாடு முடிச்சதும் உறையைப் பிரிச்சு அவதான் முதல்ல படிப்பா. நான் கேட்டா, "இருங்க, முடிச்சிட்டுத் தர்றேன், எங்க போயிரப் போகுது?"ம்பா. இதே வார்த்தையை நான் ஏற்கெனவே எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு.

இதுல நீங்க ஒண்ணு தப்பா எடுத்துக்கக் கூடாது. மீன் வளர்க்கிறது நான்தான். அவ தண்ணி மாத்துவா, தண்ணி வடிகட்டுற பஞ்சைக் கழுவுவா, தீனி வாங்குவா, மருந்து போடுவா, காத்து மோட்டார் நின்னா அதைப் பிரிச்சு ஊதி மாட்டுவா. அதெல்லாம் வேலை. வேலையை யாரும் செய்யலாம். வளர்க்கிறதுன்னா என்ன? கவனிக்கிறது. தினம் காலையில காபியோட தொட்டி முன்னாடி நான் ஒரு மணி நேரம் உக்காந்திருக்கேன்ல, அது வளர்க்கிறது. இந்த வித்தியாசம் பத்திரிகைக்காரங்களுக்கே புரியலை, என்ன பண்றது?

அப்புறம் ஒரு நாள் கடைக்குப் போறேன், எல்லாரும் கப்சிப்புன்னு ஆயிட்டாங்க. சுருளி புத்தகத்தைப் பின்னாடி மறைக்கிறான். "என்னடா?"ன்னு பிடுங்கிப் பாத்தா, ரெண்டு பக்கக் கட்டுரை. எழுதினது பூ. செண்பகவல்லி, திண்டுக்கல். தலைப்பு என்னங்கிறீங்க? 'வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பிறகு மீன் வளர்ப்பது எப்படி?' கூடவே போட்டோ. நான் எடுத்த போட்டோ சார் அது! "தொட்டி பக்கத்துல நில்லு, ஞாபகத்துக்கு ஒண்ணு எடுக்கிறேன்"னு நான் எடுத்தது.

என்னான்னு எழுதியிருக்கா, கேளுங்க. 'முன்பு மீன்களுக்கு நான் மட்டுமே உணவிட்டேன். கணவர் ஓய்வு பெற்றபின் அவரும் அன்பு மிகுதியால் போடத் தொடங்கினார். தங்கமீன்கள் வயிறு உப்பி இறந்தன. அவர் மனம் நோகாமல் இதைத் தடுக்க வேண்டுமே! எனவே அவருக்கென்று தனியாக ஒரு சிறிய டப்பா வைத்து, அன்றன்றைக்கு உரிய அளவை மட்டும் அதில் போட்டு வைக்கிறேன். டப்பா ஏன் தினமும் காலியாகிறது என்று அவர் இதுவரை கேட்டதில்லை.' பொய் சார்! நான் கேட்டிருக்கேன். ஆரோக்கியத்துகிட்ட ரெண்டு தடவை கேட்டிருக்கேன், கம்பெனிக்காரன் ஏமாத்துறான், டப்பாவுல பாதி கூட இல்லைன்னு. அவரும், "ஆமாங்க சார், இப்பல்லாம் அப்படித்தான்"னு சொன்னார். அவருக்கும் விஷயம் தெரிஞ்சிருக்கு.

கோபமா போய்க் கேட்டேன், "ஊர் பூரா என் மானத்தை வாங்கிட்டியே, நியாயமா இது?" அவ கறிவேப்பிலை உருவிக்கிட்டே, "எதுங்க தப்பா எழுதியிருக்கேன், சொல்லுங்க, திருத்தி அனுப்புறேன்"ங்கறா. யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன். இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.

ஆனா அந்தக் கட்டுரைக்குக் கடிதம் வந்துச்சு பாருங்க, தமிழ்நாடு பூரா இருந்து. எல்லாம் பொம்பளைங்க. எங்க வீட்லயும் இதே கதைதான் அக்கா, டப்பா யோசனை பலிச்சிருச்சு அக்கான்னு. அப்புறம் அவ மாசாமாசம் எழுத ஆரம்பிச்சா. போன மாசம் ஒரு உறை வந்துச்சு. இந்த ஆண்டின் சிறந்த சந்தாதாரர், பொன்னாடை, பெரிய தொட்டி ஒண்ணு பரிசு, தாங்கள் ஒரு விருந்தினருடன் வருகை தரவும்னு.

எனக்கு சந்தோஷமா இல்லையான்னு நீங்க கேக்கலாம். சந்தோஷம்தான். ஆனா சந்தா கட்டினது யார்? அந்த மீனை எல்லாம் முதல்ல வீட்டுக்குக் கொண்டு வந்தது யார்? அவ எழுதுறதுக்கு விஷயமா இருக்கிறது யார்? நான் சொன்னேன், "செண்பகம், மேடை கீடையெல்லாம் உனக்குப் பழக்கமில்ல. உன் சார்பா நான் போய் வாங்கிட்டு வந்துடுறேன்." கவுன்சிலரம்மா வீட்ல நடக்கிறதுதானே? அவ, "பேர் என்னோடது, நானே போறேன். நீங்களும் வாங்களேன், அதான் கூட ஒருத்தர் வரலாம்னு போட்டிருக்கே"ன்னா.

கூட ஒருத்தர்! என் சந்தாவுக்கு நான் கூட ஒருத்தர்! "நான் வரலை"ன்னுட்டேன்.

சார், நம்ம பக்கம் ஒரு முறை இருக்குல்ல. ஒருத்தன் கோவிச்சுக்கிட்டா திரும்பத் திரும்பக் கூப்பிடணும். கல்யாண வீட்ல பந்திக்கு வரலைன்னு ஒருத்தன் முறுக்கினா, பொண்ணு வீட்டுக்காரர் கையைப் பிடிச்சு இழுப்பார், அப்புறம் பெரியவங்க வந்து இழுப்பாங்க, அதுக்கப்புறம்தான் இலையில உக்காருவான். எடுத்ததும் போய் உக்காந்தா அவனுக்கு என்ன மரியாதை? நான் அந்தக் கணக்குலதான் வரலைன்னேன். அவ இன்னொரு தடவை கூப்பிடுவா, ராத்திரி சாப்பிடும்போது கூப்பிடுவா, பட்டுச் சட்டையை எடுத்துத் தேச்சு வைப்பான்னு இருந்தேன். அவ "சரிங்க"ன்னுட்டு உள்ள போய் போனைப் போட்டா. யாருக்கு? குணசுந்தரிக்கு. குணசுந்தரி யாருன்னு நினைக்கிறீங்க? என் கூடப் பொறந்த தங்கச்சி! அவளுக்கு மீன்னாலே குழம்பு வைக்கிறதுதான் தெரியும். அவ துள்ளிக் குதிச்சு வர்றேன்னுட்டா. இப்ப தாண்டி வந்தோமே சின்னாளப்பட்டி, அங்கதான் காலையில ஏறியிருப்பா.

காலையில பட்டுப் புடவை கட்டிக்கிட்டு வந்து நின்னா. நல்லாத்தான் இருந்துச்சு. நான் சொல்லலை. "ஏஞ்சல் மீன் ஜோடி தொட்டிச் செடி இலையில முட்டை போட்டிருக்கு, பக்கத்துலயே இருங்க. கரண்ட் போனா பேட்டரி மோட்டாரைப் போட்டுருங்க. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்"னு சொல்லிட்டுப் போயிட்டா. வீட்ல தனியா உக்காந்திருந்தேன். மீனைப் பாத்தேன். மீன் என்னைப் பாத்துச்சு. எவ்வளவு நேரம்தான் பாக்குறது? அவ மேடையில நிக்கும்போது நான் இங்க இருந்தா, நாளைக்கு அவ என்ன பேசினான்னு சுருளி வந்து எனக்குச் சொல்லுவான். அதை என்னால தாங்க முடியாது சார். அவ என்ன பேசுறான்னு நான் நேர்ல கேக்கணும். என் பேரைச் சொல்றாளா இல்லையான்னு எனக்குத் தெரியணும்.

எழுந்து கடைக்குப் போனேன். "ஆரோக்கியம், இந்த மாசப் புத்தகம் ஒண்ணு மிச்சம் இருக்கா?"ன்னு கேட்டேன், மெதுவாத்தான். அவர் குனிஞ்சு மேஜைக்கு அடியில இருந்து ஒண்ணை எடுத்துக் குடுத்தார். "இது உங்களோடது சார், வந்த அன்னைக்கே எடுத்து வெச்சுட்டேன்"னார். அங்க பாத்தா போன மாசத்தது, அதுக்கு முந்தின மாசத்தது, எல்லாம் அடுக்கி இருக்கு. சந்தா கட்டினவனுக்கு எதுக்கய்யா எடுத்து வைக்கணும்? வியாபாரமே தெரியாத மனுஷன்.

சுருளியும் அங்கதான் இருந்தான், பேன்ட் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு, கூப்பனை வெட்டிப் பையில வெச்சுக்கிட்டு விழாவுக்குக் கிளம்பி. என் மூஞ்சியைப் பாத்தான். "ஏன், வீட்ல மீனுக்கு யார்?"ன்னான். முட்டை விஷயத்தைச் சொன்னேன். உடனே கையை நீட்டுறான், "சாவியைக் குடு, நான் போய் உக்காந்துக்கிறேன். எனக்கு பஸ்ல போனா குமட்டும்." வருஷா வருஷம் கொடைக்கானல் மலை ஏறுறவனுக்கு மதுரைக்குப் போக குமட்டுதாம்! எனக்குத் தெரியாதா? ஏஞ்சல் முட்டை பொரிக்கிறதை முதல்ல அவன் பாக்கணும், அப்புறம் கடையில வந்து அதை அளந்து விடணும். என் நாற்காலி மேல வேற அவனுக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு. இருந்தாலும் அவசரத்துக்கு வேற வழி? சாவியைக் குடுத்துட்டு பட்டுச் சட்டையை நானே தேச்சுப் போட்டுக்கிட்டு ஓடி வந்து இந்த பஸ்ல ஏறினேன்.

இருங்க சார், போன் அடிக்குது. அவதான். கொஞ்சம் ஜன்னலைச் சாத்துங்க, காத்து இரையுது.

ஆங், சொல்லு செண்பகம். வீட்லதான். மீன் முன்னாடிதான் உக்காந்திருக்கேன். சத்தமா? அது டிவி. டிவில ஏதோ பஸ் ஓடுது. ஹாரனா? பஸ் ஓடினா ஹாரன் அடிக்காம இருப்பானா? என்னது? யார் சொன்னா? அவனா? எப்ப? ... ம். ... ம். ... சரி. ... இல்ல, கோபமெல்லாம் இல்ல. ... வாடிப்பட்டி தாண்டியாச்சு. ... சாப்பிடலை. ... ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு? ... குணசுந்தரி எங்க? ... அது சரி. ... ம். சரி, வை.

சுருளி போட்டுக் குடுத்துட்டான் சார். தொட்டி விளக்குக்கு எது ஸ்விட்சுன்னு தெரியாம அவளுக்கே போன் பண்ணிக் கேட்டிருக்கான் மடையன். நான் கிளம்பினது அப்பவே அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே நான் டிவி பஸ்ஸுன்னு சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டிருந்திருக்கா.

திட்டுவான்னு நினைச்சேன். திட்டலை. பயமா இருக்குங்கறா. மேடையில பேசச் சொல்றாங்களாம். எழுதி வெச்சது ஒண்ணும் ஞாபகம் வரலையாம். மண்டபம் நிறைய ஆளாம். குணசுந்தரி சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டாளாம், உக்காந்த இடத்துலயே. முன் வரிசையில எனக்கு ஒரு இடம் கைக்குட்டை போட்டுப் பிடிச்சு வெச்சிருக்காளாம், ஆசிரியர்கிட்டயும் சொல்லிட்டாளாம். "வாசல்ல கேட்டா என் வீட்டுக்காரர்னு சொல்லுங்க, விட்டுருவாங்க. எதிர்ல நீங்க இருந்தா பேசிருவேன்"ங்கறா. அவ அப்படிச் சொல்ற ஆளே இல்ல சார். பிரசவத்துக்குப் போகும்போதுகூட என்னைத்தான் பயப்படாதீங்கன்னு சொல்லிட்டுப் போனா. எனக்கு இப்ப என்னமோ மாதிரி இருக்கு. அவ அங்க தனியா நின்னு திணறக் கூடாது.

அதான் யோசிக்கிறேன். கூப்பனைக் காட்டிட்டுப் போனா நான் ஒரு வாசகன். யார் தயவும் இல்ல, நானே வாங்கின புத்தகம், நானே வெட்டின கூப்பன். ஆனா கடைசி வரிசையில உக்காந்தா அவ கண்ணுக்கு நான் தெரிய மாட்டேன். முன்னாடி உக்காரணும்னா வாசல்ல நின்னு சொல்லணும். நான் சர்வீஸ்ல இருந்த வரைக்கும் எங்க போனாலும், யாருன்னு கேட்டா, பூமிநாதன், கணக்குப் பிரிவும்பேன், உள்ள விட்டுருவாங்க. இன்னொருத்தர் பேரைச் சொல்லி நான் எங்கயும் உள்ள போனதில்ல. வாய் வரணுமே.

சார், ஒரு உதவி பண்ணுங்க. ஆரப்பாளையம் வர்றதுக்குள்ள ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிறேன். நீங்கதான் வாசல்ல நிக்கிற ஆளுன்னு வெச்சுக்குங்க. கொஞ்சம் முறைப்பா உக்காருங்க, அந்த ஆளுங்க அப்படித்தான் இருப்பாங்க. ஆங், இப்படித்தான். இப்ப கேளுங்க, "சார், நீங்க யாரு?"ன்னு. சத்தமாவே கேளுங்க, பரவாயில்ல.

நான் வந்து... சந்தா கட்டினது... இல்ல, இல்ல. இருங்க. இன்னொரு தடவை கேளுங்க.

நான் செண்பகவல்லி வீட்டுக்காரர்.

கேட்டுச்சா? முன் சீட்டுல இருக்கிறவர்கூடத் திரும்பிப் பாக்குறார். ஆமா சார், செண்பகவல்லிதான், 'தொட்டியும் மீனும்'ல எழுதுறாங்கள்ல, அவங்க. நான் அவங்க வீட்டுக்காரர். பரவாயில்ல, வாயில நல்லாத்தான் வருது. இன்னொரு தடவை கேளுங்க சார்.